பலாக் கத்தியில் ஒட்டிய அம்பு

முதல் நாளே உங்கள் கையில் ஒரு சுருளைக் கொடுத்திருப்பார்கள். அரை விரல் நீளத்தில் சிவப்புக் காகித அம்புகள். தப்பு கண்ட இடத்தில் உரித்து ஒட்ட வேண்டியதுதான். தையல் கோணலா, ஓர் அம்பு. பசை வழிந்திருக்கிறதா, ஓர் அம்பு. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு ஷூவின் மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறதா, அதற்கும் ஓர் அம்பு. அம்பு ஒட்டிய ஜோடி திருத்துவதற்குத் திரும்பிப் போகும், அதற்குப் பெயர் ரீவொர்க். அந்தச் சுருளைக் கையில் வாங்கும்போது மனதுக்குள் ஒரு சின்னத் திமிர் ஏறும். ஏறட்டும், தப்பில்லை. அத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்றைப் பார்த்து, ஒற்றை ஆளாக நின்று "இது சரியில்லை" என்று சொல்லக் கொஞ்சம் திமிர் வேண்டும்தான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் முப்பது வருடம் நின்றவள். உட்கார்ந்தவள் என்று எழுத முடியாது, அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. பதிவேட்டில் என் பெயர் குளோரி. லைனில் என் பெயர் அம்பு. "அம்பு வருது, அம்பு வருது" என்று தையல் மிஷின்களுக்கு நடுவே கிசுகிசுப்பார்கள். காதில் விழாத மாதிரி நடப்பேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாக ஸ்டாக் இல்லை. நான் அடித்த கூத்து இரண்டு இருக்கிறது. ஒன்று வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்னொன்று ரிட்டயர் ஆன பிறகு. இரண்டும் ஒரே தப்பு. நடுவில் முப்பது வருடம் ஓடியும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

முதல் கூத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், பழுப்பு நிறத்தில் ஒரு பூட்ஸ் லாட் மேசைக்கு வந்தது. எடுத்த ஜோடியெல்லாம் கீறலும் சுருக்கமுமாக, நாலு பேர் போட்டுத் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு முழுச் சுருளையும் ஒட்டித் தீர்த்துவிட்டேன். லைன் நின்றுவிட்டது. தோலுக்குச் சாயம் ஏற்றும் பிரிவிலிருந்து மேஸ்திரி வந்தார். மனுஷன் கத்தவில்லை. என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே அந்த மாடலின் சாம்பிள், வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தது. அதுவும் கீறலும் சுருக்கமுமாகத்தான் இருந்தது. புது பூட்ஸ் பார்வைக்குப் பழசாக இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் நாகரிகமாம்.

"ஜோடியப் பார்த்தியே, சாம்பிளப் பார்த்தியா மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒட்டின அம்புகளையெல்லாம் சாயங்காலம் வரை நானே உரித்தேன். தையல் லைன் மொத்தமும் சிரித்தது. எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தவள் சாந்தி. இரண்டாவது வரிசையில் மூன்றாவது மிஷின். ரெட்டைத் தையல் போட்டாள் என்றால் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். அவள் தைத்த ஜோடியில் அம்பு ஒட்ட எனக்கு வாய்ப்பே தரமாட்டாள். "இன்னாடி அம்பு, இன்னிக்கும் ஏமாந்தியா?" என்று கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்பாள். அப்படித்தான் சினேகமானோம்.

பல வருடம் கழித்து அவள் தையல் கோணத் தொடங்கியது. முதல் ஜோடியைப் பார்த்தபோது நூல் சரியில்லை என்று நினைத்தேன். ஒட்டினேன். மறுநாள் மூன்று. அடுத்த வாரம் ஒரு தட்டு நிறைய. ஒவ்வொன்றும் நான் ஒட்டிய அம்பு. சூப்பர்வைசர் அவளை மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். வேலூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். கண் நரம்பு பழுதாகிக்கொண்டு வருகிறது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மாதமே கணக்கு முடித்துக்கொண்டாள். கேட் வரைக்கும் கூடப் போனேன். அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள்.

"உன் மேல கோவம் இல்லடி. கோணலா இருந்துச்சு, ஒட்டுன. நேரா இருந்தப்போ ஒட்டியிருந்தா வேற கதை," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போன் செய்தாலும் எடுக்காமல் விட்டேன், பேச்சு குறைந்து, நின்றே போனது. குற்ற உணர்ச்சிக்கு அப்படி ஒரு சோம்பல் உண்டு. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று வருடங்கள் போய்விட்டன.

இப்போது இரண்டாவது கூத்து.

ரிட்டயர் ஆகி ஆறாவது மாதம், தங்கை குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனேன். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் பலாப்பழக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு தார்ப்பாய் நிழலில் நிறுத்தினோம். கடைக்காரம்மா குனிந்து பழத்தைக் கீறிக்கொண்டிருந்தாள், முகம் தெரியவில்லை. தட்டில் வைத்த சுளையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

"இது வெம்பினது. ஓரத்துல கறுத்திருக்குது பாரு," என்றேன்.

கத்தி நின்றது. "யாரு, அம்புவா?"

தங்கை பயந்தேவிட்டாள். நானும் சாந்தியும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் கையில் பலாப் பிசின், என் புடவையெல்லாம் பலாப் பிசின். குரலை வைத்துக் கண்டுபிடித்தாயா என்று கேட்டேன். "குரல் யாருக்குடி ஞாபகம்? ஓசியில சுளைய எடுத்துக்கினு குத்தம் சொல்ற ஆளு இந்த உலகத்துல ஒருத்திதான்," என்றாள்.

அவளுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும், எதிரே நிற்பது ஆள் என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் பழம் அறுப்பதைப் பார்க்க வேண்டுமே! இடது கையால் முள்ளைத் தடவிப் பார்ப்பாள். ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளப்பாள். நடுத்தண்டைச் சீவி எறிவாள். ஒரு சுளையில்கூடக் கத்தி பட்டிருக்காது. பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி நீட்டினால் பெங்களூர் கார்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அறுப்பவளுக்குப் பார்வை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. சாந்தியும் சொல்லமாட்டாள்.

அவள் கையில் இருந்தது பட்டாளத்துக் கத்தி. மாமனார் ராணுவத்திலிருந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. எதற்கும் உதவும் கத்தி. டின் திறக்க, கயிறு அறுக்க, விறகு சீவ எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு சாண் நீள அலகு, தீட்டித் தீட்டி மெலிந்திருந்தது. பிடி தோலால் ஆனது, சப்பை வடிவம். காசு அளவுத் தோல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, கடைசியில் ஒரு இரும்பு மூடியை முறுக்கி இறுக்கியிருந்தார்கள். தோல் வற்றி வளையங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. இடைவெளியெல்லாம் பிசின். அறுக்கும்போது பிடி கிடுகிடுவென்று ஆடியது.

"நீ தோல் கம்பெனி ஆளுதானே. இத ஆடாம பண்ணிக் குடு. அது போதும்," என்றாள் சாந்தி.

அவள் சொன்ன அந்த வார்த்தையை இங்கே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு எதிராக அதுதான் சாட்சி.

அவள் மகன் செல்வம் ஜோலார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மூட்டை இறக்க வந்திருந்தான். அவனுக்கு அம்மா கடையில் உட்காருவதே பிடிக்கவில்லை. "கண்ணு தெரியாத ஆளு கையில கத்தி எதுக்கு பெரிம்மா? நீங்களே சொல்லுங்க. வீட்ல உக்கார வெச்சி நான் சோறு போடமாட்டனா?" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஒரு தடவ கைய கிழிச்சிக்கினாலும் கடைய மூடிடணும். அதான் பேச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வீட்ல உக்காந்தா என் கண்ணு நெஜமாவே அவிஞ்சி போய்டும்டி," என்று சாந்தி என்னிடம் மெல்லச் சொன்னாள். "இங்க நான் வியாபாரி. அங்க நான் யாரு? கட்டில்ல கெடக்கற கெழவி."

அந்தக் கத்தியைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தபோது நான் நினைத்தது இதுதான்: இவளுக்கு நான் ஒட்டின அத்தனை அம்புக்கும் இந்த ஒரு பிடியில் பதில் சொல்லிவிட வேண்டும். ஊரே மெச்சும்படி செய்து கொடுத்துவிட வேண்டும். கெட்டுப் போவதற்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது.

வீட்டில் மேசைமேல் கத்தியை வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கைப்பையில் பழைய அம்புச் சுருள் மிச்சம் இருந்தது. பழக்கதோஷம், ஒட்ட ஆரம்பித்தேன். வளையம் உடைந்த இடம், கறை, பிசின், ஓரம் தேய்ந்தது, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குத்தான் முதல் அம்பு ஒட்டியிருந்தேன். அலகுக்குப் பக்கத்தில், மேல்பக்கமாக, ஒரு புளியங்கொட்டை படுத்துக்கொள்ளும் அளவுக்குக் குழி. பார்க்கவே அசிங்கம். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கத்திக்கு அம்மை போட்டிருக்குதா?" என்று கேட்டார்.

மூடியைக் கழற்றி, பழைய வளையங்களை உருவினேன். உருவியதும் என் கை தானாகக் கத்தரிக்கோலை எடுத்தது. நம் கம்பெனி வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்: கழித்த உதிரியை அப்படியே குப்பையில் போடக் கூடாது, நல்லதோடு கலந்துவிடும், குறுக்கே வெட்டித்தான் போட வேண்டும். சாந்தியின் மாமனார் பிடித்த, புருஷன் பிடித்த, அவள் பிடித்த ஒவ்வொரு வளையத்தையும் குறுக்கே வெட்டிக் குப்பையில் போட்டேன். வேறு எந்த ஊர்க்காரியும் அதைச் செய்திருக்கமாட்டாள். ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பாள்.

பிறகு கம்பெனியில் பழகினவர்களிடம் சொல்லி நல்ல கறுப்புத் தோல் துண்டுகள் வாங்கினேன். ஷூவின் மேல்பக்கத்துக்குப் போடுகிற முதல் தரம், குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கும். வளையம் வளையமாக வெட்டி, பசை தடவிக் கோத்து, மூடியை இறுக்கி, எமரித் தாளால் தேய்த்தேன். எங்கும் மேடு பள்ளம் இல்லாமல், உருட்டிவிட்டால் ஓடுகிற அளவுக்கு உருண்டையாகச் செய்தேன். பாலிஷ் போட்டதும் முகம் தெரிந்தது. ஒரு ஷூ பெட்டியில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம்கூட ஒன்று போட்டு மூடினேன். என் வாழ்க்கையில் ஒரு பொருளைப் பார்த்து "அம்பு ஒட்ட இடமே இல்லை" என்று நானே சொன்னது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "புது ஷூ வாசன!" என்று சிரித்தாள். கத்தியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். கட்டைவிரல் பிடியின் மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. எதையோ தேடியது. நான் அதைப் பார்த்தேன். ரசிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குதுடி," என்றாள். "துளிகூட ஆடல."

ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்வத்திடமிருந்து போன். "பெரிம்மா, அம்மா கைய வெட்டிக்கினாங்க."

அன்றைக்கு நான் பஸ் ஏறிப் போன பாடு எனக்குத்தான் தெரியும். ஜோலார்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் சாந்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் கட்டு. நான் வந்து நின்றதும் செருப்புச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டாள். கட்டை அவிழ்த்து விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூணு தையல் போட்டிருக்கான். நேரா போட்டிருக்கானான்னு பார்த்துச் சொல்லு. கோணலா இருந்தா ஒட்டிடு."

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். முப்பது வருடம் கோணல் தையலைப் பார்த்து அசையாத கண், அந்த மூன்று தையலைப் பார்த்து உடைந்துவிட்டது. தையல் நேராகத்தான் இருந்தது. அதையும் சொன்னேன்.

"அன்னிக்கு இன்னா தேடுன?" என்று கேட்டேன். "பிடியில கட்டவிரல வெச்சி எதையோ தேடுனியே."

"பள்ளத்த," என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் குழி அவளுடைய கண். கத்தியை எடுத்ததும் கட்டைவிரல் குழியில் விழுந்தால், அலகின் கூர் கீழே இருக்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் கத்தி புரண்டிருக்கிறது என்று அர்த்தம். பிடியின் சப்பை வடிவமும் அப்படித்தான், கையில் சுழலாது. நான் உருண்டையாக்கி, மெத்தென்றாக்கி, பள்ளத்தை ஒழித்து, பளபளவென்று கொடுத்திருக்கிறேன். பலாப் பிசின் ஒட்டாமல் இருக்க அவள் கையில் நல்லெண்ணெய் பூசிக்கொள்வாள். எண்ணெய்க் கையில் அந்த உருண்டை வழுக்கித் திரும்பியிருக்கிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி!"

"ஷூ பெட்டியில வெச்சி, பேப்பர் போட்டு, அவ்ளோ ஆசையா எடுத்தாந்த. எப்படிடி சொல்றது?"

செல்வம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "போதும் பெரிம்மா. பேச்சுன்னா பேச்சு. கட முடிஞ்சிது," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாந்தி அவிழ்த்த கட்டை மறுபடி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "செல்வம், கைய கிழிச்சது உங்கம்மா இல்ல. நான். மிஷின் பழுதானா மிஷின திருத்துவாங்களா, தைக்கறவள வீட்டுக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாங்கள் அவளை வீட்டுக்குத்தானே அனுப்பினோம். சாந்தி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள், உதட்டோரம் சிரிப்பு.

"அடுத்த ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம் குடு," என்றேன். "நீயே பக்கத்துல நின்னு பாரு. ஒரே ஒரு பழம். சரியில்லன்னா நானே கடைய பிரிச்சிப் போட்டுட்டுப் போறேன்."

அவன் தலையாட்டினான்.

திரும்பும் வழியில் வாணியம்பாடியில் இறங்கினேன். அங்கே ரஹ்மத் பாய் என்று ஒருவர், செருப்பு தைக்கிறவர்களுக்கு அடித்தோல் விற்கிறவர். நான் செய்த பிடியைக் காட்டினேன். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா மா இது, ஷூவுக்குப் போடற குரோம் தோல போய் பிடிக்குப் போட்டிருக்க! இத எவ்ளோ அமுக்குனாலும் எழுந்து நிக்கும். நீ இன்னா பழக்கினாலும் மறந்துடும்," என்றார். உள்ளே போய் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஒன்றை எடுத்துவந்தார். தேன் நிறம், பலகை மாதிரி விறைப்பு. ஒரு ஓரத்தை நனைத்து, நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். கோடு அப்படியே நின்றது. "பட்டைத் தோல் இது. ஈரத்துல புடிச்ச ரூபத்த காஞ்சப்புறம் விடாது. முப்பது வருஷம் தோல் கூட இருந்துக்கினு இது தெரியாதா?"

தெரியாது பாய், நான் முப்பது வருடம் மேல்தோலில் தப்பு மட்டும்தான் பார்த்தேன் என்று சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது மேஸ்திரி கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. ஜோடியைப் பார்த்தேன், ஒவ்வொரு கறைக்கும் அம்பு ஒட்டினேன். சாம்பிளைப் பார்த்தேனா? இந்தக் கத்திக்குச் சாம்பிள் ஆணியில் தொங்கவில்லை. சாந்தியின் வலது கையில் இருந்தது. அந்தக் கையை ஒருமுறை பிடித்துக்கூடப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.

அந்த வாரம் பட்டைத் தோலில் வளையங்கள் வெட்டி, சப்பையாகக் கோத்து, இறுக்கிக் காயவைத்தேன். மேலே எதையும் தேய்க்கவில்லை. சனிக்கிழமை காலை அரத்தையும் ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு சாந்தி வீட்டுக்குப் போனேன். அலகில் துணியைச் சுற்றிக் கட்டி, கத்தியை அவள் கையில் கொடுத்தேன்.

"உன் பள்ளம் எங்க இருந்துச்சு, வெச்சிக் காட்டு."

கட்டைவிரலை வைத்தாள். அந்த இடத்தில் ஓர் அம்பு ஒட்டினேன். என் வாழ்க்கையிலேயே, இது வேண்டும் என்பதற்காக நான் ஒட்டிய முதல் அம்பு அது.

பிறகு நான் அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பேன், அவள் பிடித்துப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி." இரண்டு இழுப்பு. "இப்ப ஜாஸ்தி, ஓரத்த கம்மி பண்ணு." இரண்டு இழுப்பு. சுண்டுவிரல் படுக்க ஒரு வளைவு கேட்டாள். அது பழைய பிடியில் இருந்ததே எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷன் மேசையின் இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கட்டத்தில் பொறுமை போய், "இதுக்கு மேல என்னடி வேணும்?" என்று கத்தினேன். "லைன்ல இருந்தப்ப நானும் இதத்தான் மனசுக்குள்ள கேப்பேன்," என்றாள்.

வடிவம் வந்ததும் ஈரத் துணியைச் சுற்றித் தோலை ஊறவைத்து, அவள் கையில் கொடுத்து, விடாமல் பிடித்திருக்கச் சொன்னேன். சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வலித்தால் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி பிடிப்பாள். சோறு நான் ஊட்டினேன். பழைய லைன் கதையெல்லாம் பேசினோம். அப்போது அவள் ஒன்று சொன்னாள்.

"அன்னிக்கு நீ பாவம் பார்த்து ஒட்டாம விட்டிருந்தன்னா, நான் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன். இந்த வெளிச்சமும் எனக்கு இருந்திருக்காது. உங்கிட்ட இத சொல்லணும்னு எத்தன நாள் நெனச்சேன் தெரியுமா? நீ போனே எடுக்கல."

போனை எடுக்காமல் இருந்த அத்தனை வருடங்களும் என் மேல் வந்து உட்கார்ந்தன. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவள் கையை எடுத்தபோது, தோலில் அவளுடைய கை இருந்தது. விசிறிக் காற்றில் காயவைத்து, மறுநாள் காலை தேன்மெழுகைத் தேய்த்துக் கொடுத்தேன். பாலிஷ் இல்லை. பார்க்கச் சுமார்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். செல்வம் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றான். வரிசையிலேயே பெரிய பழத்தை அவனே தூக்கி வைத்தான். சாந்தி கையில் எண்ணெய் பூசிக்கொண்டாள். கட்டுப் போட்ட விரலை மடக்கி, மற்ற விரல்களால் முள்ளைத் தடவினாள். வலது கை கத்தியை எடுத்தது. கட்டைவிரல் தேடவில்லை. போன உடனே பள்ளத்தில் விழுந்துவிட்டது.

ஒரே இழுப்பு. பழம் இரண்டாகப் பிரிந்து வாசனை கிளம்பியது. தண்டைச் சீவி எறிந்தாள். காரிலிருந்து இறங்கிய ஒரு அம்மா விலை கேட்க, பதில் சொல்லிக்கொண்டே, தலையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டே, கத்தியை மட்டும் தன் பாட்டுக்கு ஓடவிட்டாள். செல்வம் குனிந்து சுளைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். அவனையும் நம் மேசையில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், அப்படிப் பார்த்தான். ஒன்றிலும் வெட்டு இல்லை. ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினான்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து கூட்டிக்கினு போறேன். லேட் பண்ணி பேஜார் பண்ணாத," என்றான்.

சாந்தி கத்தியைத் துடைத்து வைத்தாள். என்னிடம், "உங்கிட்ட அந்தச் சுருள் இருக்குதா? குடு," என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தடவி ஓர் அம்பை உரித்தாள். என் தோளைப் பிடித்து, கழுத்தைத் தடவி, காதைத் தொட்டுப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டாள். பிறகு அம்பின் முனை காதைப் பார்க்கும்படி என் தோள்மேல் அழுத்தி ஒட்டினாள்.

"ஆடாம பண்ணிக் குடுன்னு மட்டும்தானேடி சொன்னேன்? டிஃபெக்ட் இங்க இருக்குது."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண், "அம்மா, உங்க தோள்ல ஏதோ ஒட்டியிருக்குது," என்று உரிக்கக் கையை நீட்டினாள்.

"வேணாம் கண்ணு, விடு," என்றேன். "ரீவொர்க் இன்னும் முடியல."